வாய் திறக்கும் மீன்கள்

அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில், நம் சைக்கிள் கடைக்கு எதிரே இருக்கும் குளத்தில் யாரும் மீனுக்குப் பொரி போடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் காரணம் கேட்கிறார்கள். மற்ற ஊர்க் குளங்களில் படிக்கட்டிலேயே பொரிப் பொட்டலம் விற்பார்கள். வாங்கிப் போட்டால் புண்ணியம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பிள்ளைகளா, நீங்கள் பிறந்ததிலிருந்து இந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் உங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. அதனால்தான் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். இதில் விஞ்ஞானம் என்று ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் உங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் மாற்றி எழுத மாட்டேன்.

மாவட்டத்தைப் பிரித்த வருஷம்தான் நான் கடை போட்டேன். அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் கம்மி. சைக்கிள் மணியை அடித்தால் ஒதுங்கி வழி விடுகிற அளவுக்குத்தான் கூட்டம். அதற்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் பெருகி, ரோடே தெரியாமல் தலையாகத் தெரிய ஆரம்பித்தது. நடந்து வருகிறவர்களுக்குக் குளம் கண்ணில் பட்டால் இறங்காமல் இருக்க முடியாது. கால் கழுவுவார்கள், முகம் கழுவுவார்கள், குளிப்பார்கள். குளித்தவர்களில் சில பேர் உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பிடித்திருந்த பீடை அதோடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அன்னதானத் தொன்னை, பிளாஸ்டிக் டம்ளர், சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், கற்பூர அட்டை எல்லாம் காற்றில் உருண்டு உருண்டு கடைசியில் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். தண்ணீர் கறுத்துப்போய் மேலே ஒரு படலம் கட்டியது.

கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் எனக்கு மச்சான் முறை. "டீயில ஏலக்கா போடறது ருசிக்குன்னு நெனைக்கிறாங்க மச்சான். இந்த நாத்தத்துக்குத்தான் போடறேன். இல்லன்னா எனக்கு இன்னா தலையெழுத்தா" என்பார்.

அவர்தான் தெருவில் எல்லாரையும் கூட்டிப் பேசினார். ஒரு கோடையில் குளம் வற்றி, நடுவில் மட்டும் சேறாக நின்றபோது ஆண், பெண் எல்லாரும் இறங்கினோம். குளத்தைச் சுத்தம் பண்ணுவது எப்படி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டைச் சுத்தம் பண்ணத் தெரியும். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு என்ன செய்வோமோ அதையே குளத்துக்கும் செய்தோம். துணியையும் பிளாஸ்டிக்கையும் வாரி வெளியே போட்டோம். அதோடு நிற்கவில்லை. ஓரத்தில் இருந்த கோரையைப் பிடுங்கினோம். அல்லிக் கொடியைக் கிழங்கோடு தோண்டினோம். அடியில் வேர் விட்டு, சின்னச் சின்ன இலையோடு தலைமுடி மாதிரி கிடந்த பாசியை ஒரு இழை விடாமல் வாரினோம். சேற்றை நிலத்துக்கு உரம் என்று டிராக்டரில் கொண்டுபோனார்கள். கெட்டி மண் தெரிகிறவரை சுரண்டி, படிக்கட்டைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையடித்துக் காவிப்பட்டை போட்டு, பிளீச்சிங் பவுடரும் தூவினோம். வேலை முடிந்த சாயங்காலம் மச்சான் குளத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, "இலையப் போடுங்க, இங்கியே சாப்பிடறேன்" என்றார். அவ்வளவு சுத்தம்.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. அடிப்படி வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் சொல்லி மச்சான் கெண்டைக் குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து விட்டார். கொசுவைத் தின்னும் என்றார். அதற்கப்புறம் பௌர்ணமிக்கு வந்தவர்கள் தண்ணீரில் துணியை விடவில்லை, சோப்புப் போடவில்லை. சுத்தமான இடத்தில் குப்பை போட மனசு கூசுகிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மீனைப் பார்க்கத்தான் எல்லாரும் படியில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒருவர் பொரி போட்டார். மீன் மேலே வந்து கவ்வியது. அவ்வளவுதான்.

உங்கள் அத்தை, என் தங்கை, அந்தச் சமயத்தில் பெரிய கஷ்டத்தில் இருந்தாள். உங்கள் மாமாவுக்குக் கல் உடைக்கிற இடத்தில் கால் முறிந்து, தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பதே பெரிய காரியமாக இருந்தது. நான் நம் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னேன். "கால் உடஞ்சது அவருக்கு. என் கால் நல்லாத்தான் இருக்குது. நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பொரி மூட்டையை வாங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, குளத்தின் முதல் படியில் கூடையோடு உட்கார்ந்தாள். பௌர்ணமி மட்டுமில்லாமல் சனி, ஞாயிறிலும் விற்றது. அவள் வீட்டு அடுப்பு அந்தக் கூடையில் எரிந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிற பேச்சு வீட்டில் ஓய்ந்தது. ஒரு நாள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கடைப்பக்கம் வந்து காலைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாக்குதாண்ணா?"

"நல்லாக்குது. யாரு வாங்கித் தந்தது?"

"மீனு."

இப்படி ஒன்றரை வருஷம் போயிருக்கும். தண்ணீர் பச்சையாக மாறிக்கொண்டே வந்தது. முதலில் இளநீர் நிறம், அப்புறம் வாழையிலை நிறம். கையை விட்டால் விரல் தெரியவில்லை. ஆனால் மீன்கள் முன்னைவிட நன்றாகத் தெரிந்தன. விடியற்காலையில் போனால் குளம் முழுக்க வாய்தான். மேலே வந்து, வட்டமாக வாயைத் திறந்து திறந்து மூடும். மலை சுற்றிவிட்டு அந்த நேரத்துக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய காட்சி. "பாரு பாரு, வாயத் தொறந்து கேக்குது. ராத்திரி பூரா பட்டினி கிடந்திருக்கும் பாவம்" என்று ஒரு அம்மா கண் கலங்கி நின்றதை நான் பார்த்தேன். அத்தையின் கூடையில் இருந்ததில் பாதிப் பொட்டலங்களை அவர் வாங்கிக் கொட்டினார். மீன் வாயைத் திறக்கத் திறக்கப் பொரி விழும். அத்தைக்கும் விடியற்காலை வியாபாரம்தான் ஜாஸ்தி.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடை திறக்குமுன் டீ கிளாஸோடு படியில் உட்காருவது என் வழக்கம். ஒரு நாள் ஒரே ஒரு மீனைக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வாயைத் திறக்கிறது. பொரி மிதந்து வந்து அதன் உதட்டிலேயே இடிக்கிறது. மீன் கவ்வவில்லை. மறுபடி திறக்கிறது, பொரி விலகிப் போகிறது. பக்கத்து மீனும் அப்படியே. பசி என்று வாயைத் திறக்கிறவன் வாய்க்கு வந்த சோற்றை விடுவானா? மத்தியானம் போய்ப் பார்த்தேன். வெயில் ஏறின பிறகு ஒரு வாயும் மேலே இல்லை. பொரி போட்டால் அப்போது வந்து கவ்வுகிறது. பசி மத்தியானம்தான் இருக்கிறது என்றால், விடியற்காலையில் எதற்கு வாயைத் திறக்கிறது?

மச்சானிடம் சொன்னேன். "கொட்டாவி விடுதோ இன்னாவோ. நீயும் காலையில அப்பிடித்தான் இருக்கற" என்றார்.

நம் கடையில் பஞ்சர் பார்க்கிற தொட்டி ஒன்று உண்டு. பக்கத்தில் பழைய தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. இரண்டிலும் குளத்துத் தண்ணீரை நிரப்பி, இரண்டு இரண்டு குஞ்சு மீனை விட்டேன். ஒன்றில் மட்டும் தினமும் ஒரு பிடி பொரி போட்டேன். பொரி போட்ட தொட்டியில் கொஞ்ச நாளில் அடியில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று படிந்து, காலையில் அந்தக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தன. பொரி போடாத தொட்டியில் குஞ்சுகள் அடியிலேயே சுற்றின. நான் உடனே மீனை எடுத்துக் குளத்தில் விட்டுவிட்டேன். பொரிக்கும் வாய்க்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது தெரிந்தது. என்ன சம்பந்தம் என்பது தெரியவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் தொட்டியில் மீனைப் பார்த்துவிட்டுக் கடையே மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைக்குப் பின்னால், முள்ளுக்காட்டைத் தாண்டி, பழைய கல்லுக்குழி ஒன்று இருக்கிறது. கல் எடுத்துவிட்டு அப்படியே விட்டது. யாரும் போக மாட்டார்கள், யாரும் சுத்தம் பண்ணினதும் இல்லை. முள் வெட்டப் போனபோது எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் பச்சைப் பாசி, நாங்கள் குளத்திலிருந்து வாரிப் போட்டோமே, அதே பாசி, காடு மாதிரி நின்றது. அதற்குள் சின்ன மீன்கள் போய் வந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட வாயை மேலே நீட்டவில்லை. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்த நேரம். பாசியின் இலைகளிலிருந்து குண்டூசித் தலை அளவுக்குக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பி மேலே வந்தன.

குமிழியைப் பார்த்தால் எனக்கு மனசு நிற்காது. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதானே என் தொழில். டியூபில் குமிழி வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இங்கே டியூப் எங்கே? காற்றை யார் அடித்தார்கள்? மேகம் மறைத்தபோது குமிழி நின்றது. வெயில் வந்ததும் மறுபடி கிளம்பியது. கையால் நிழல் காட்டிப் பார்த்தேன், என் கை நிழல் போதவில்லை. சட்டையைக் கழற்றி விரித்துப் பிடித்தேன். கொஞ்சம் பொறுத்துக் குமிழி குறைந்தது. அன்றைக்கு முள் வெட்டவில்லை. உங்கள் அம்மா தேடிக்கொண்டு வந்து, சட்டையில்லாமல் குழியோரம் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "மேலுக்கு ஒண்ணும் இல்லியே" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விடை ஒரு மொபெட்டில் வந்தது. மீன் வளர்ப்பு ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர் பின்சக்கரத்தில் காற்று இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். அவர் வண்டியை விட்டுவிட்டு என்னோடு குளத்துக்கும் வந்தார், குழிக்கும் வந்தார். குளத்தின் அடியிலிருந்து ஒரு கை சேற்றை எடுத்து முகர்ந்து, என் மூக்குக்கும் நீட்டினார். முட்டை அழுகின வாடை.

"மீனும் மூச்சு விடுதுங்க. தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்தைத்தான் அது எடுக்குது" என்றார். "நீங்க போடற பொரியில மீன் தின்னது போக மீதி அடியில போய் அழுகுது. அழுகறதுக்கும் காத்து வேணும். பகல்ல வெயில் இருக்கறப்போ பாசி, பச்சை எல்லாம் காத்து வுடும், சமாளிச்சுக்கும். ராத்திரி வெயில் இல்ல. விடியறதுக்குள்ள தண்ணியில காத்து தீர்ந்துடும். அதான் மேல வந்து வாயைத் தொறக்குது."

"அப்போ அது பசி இல்லீங்களா?"

"மூச்சு முட்டுதுங்க. இன்னும் கொஞ்சம் போனா ஒரே நாள்ல எல்லாம் மிதக்கும்."

என்ன செய்வது என்று கேட்டேன். பொரியை நிறுத்த வேண்டும், அடியில் படிந்ததை வார வேண்டும், பாசியையும் அல்லியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். அதுவரைக்கும் விடியற்காலையில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்து அதே குளத்தில் உயரத்திலிருந்து விழ விடுங்கள், காற்று கலக்கும் என்றார். மச்சான் அவரைக் கேட்டார், "நாங்க இடுப்பு ஒடியப் பிடுங்கிப் போட்டத மறுபடியும் நடணும்னு சொல்றீங்க, அதானே?" அவர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். "வெள்ளையடிச்சதயும் சொரண்டணுமா?" என்றார் மச்சான். அது இருக்கட்டும் என்றார் அவர்.

இன்ஜின் கிடைத்தது. பாசியும் குழியில் இருந்தது. பொரிதான் கஷ்டம். அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். சொல்லி முடிக்கிறவரை அவள் பொட்டலம் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"இப்போ இன்னா, நான் மீனைக் கொல்றேன்ற."

"நீ கொல்றேன்னு சொல்லலம்மா. பொரி..."

"பொரி விக்கறது யாரு?"

மாமா உள்ளேயிருந்து, "அவன் சொல்றதத்தான் கேளேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. நான் எழுந்துட்டா நாளைக்கே அந்தப் படியில வேற ஒருத்தி கூடைய வச்சிகினு குந்துவா. குளத்துக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது. இது தெரியாதாண்ணா உனக்கு?"

தெரியும். அவள் சொன்னது நியாயம். தொட்டி, குமிழி, மொபெட்காரர் சொன்னது எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எழுந்து செருப்பைப் போட்டேன். வாசல்வரை வந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்.

"உதட்டுல இடிச்சாலும் எடுக்கலியா?"

"நாளைக்கு நீயே வந்து பாரு."

விடிகிற நேரத்துக்கு வந்தாள், கூடையில்லாமல். இருவரும் கடைசிப் படியில் உட்கார்ந்தோம். குளம் முழுக்க வாய். அவள் முந்தானையிலிருந்து ஒரு பொரியை எடுத்து, ஒரு பெரிய கெண்டையின் வாய்க்கு நேராகப் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொன்று போட்டாள். அதுவும் மிதந்து போனது. அந்த மீனின் செவுள் அவசர அவசரமாக விரிந்து மூடியது. அத்தை மீதிப் பொரியை முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

"நான் மேலயே குந்தியிருந்தேன். இவ்ளோ கிட்ட பாத்ததே இல்ல" என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்கு நானும் மச்சானும் விடியற்காலையிலேயே படிக்கட்டில் நின்று வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தோம். தண்ணீரில் காற்று, அழுகல், மூச்சு. காது கொடுத்துக் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள், கையிலிருந்ததைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "வாயில்லா ஜீவனுக்குப் போடறதைத் தடுக்கறீங்களே, நல்லாவா இருப்பீங்க?" என்றார். வாயைத்தானே ஐயா அது திறந்து காட்டுகிறது என்று மச்சான் முனகினார். அத்தை பயந்தபடியே இன்னொரு பெண் கூடையோடு வந்துவிட்டாள். தன் கூடையைத் திறக்காமல் முதல் படியில் உட்கார்ந்திருந்த அத்தை அவளையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். ஒரு குடும்பம் பொட்டலம் கேட்டு வந்து நின்றது.

"மீனுக்குப் போடக் குடும்மா."

அத்தை சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னிக்கு மீனு சாப்பிடாதுங்க. பௌர்ணமி இல்லியா. விரதம்."

அந்தக் குடும்பத்துப் பெரியவர் கையைக் கீழே இறக்கினார். "மீனா?"

"மலையடியில இருக்கிற மீனாச்சே. வேணும்னா ஒண்ணு போட்டுப் பாருங்க, எடுக்குதான்னு."

ஒரு பொரியைக் கொடுத்தாள். போட்டார்கள். மீன் எடுக்கவில்லை. பெரியவர் குளத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். அவர் சொன்னார். அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். வெயில் வருவதற்குள் படிக்கட்டு முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. புதிதாக வந்த பெண்ணின் கூடையை யாரும் தொடவில்லை. அவள் அத்தையை ஒரு முறை முறைத்துவிட்டு வேறு இடம் பார்க்கப் போனாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "பொய் சொல்லிட்டியேம்மா" என்றேன்.

"எதுண்ணா பொய்? நீதான சொன்ன, இந்த நேரத்துல அது சாப்பிடறதில்லன்னு. சாப்பிடாம இருந்தா அதுக்குப் பேரு இன்னா?"

இதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

ஆனால் அவள் கூடையும் அப்படியே நிறைந்துதான் இருந்தது. விரதம் என்று கேட்டவர்கள் அத்தோடு விடவில்லை. மீனுக்கு வேறு என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டார்கள். புண்ணியம் பண்ண வந்தவர்கள் கையைச் சும்மா வீசிக்கொண்டு போக விரும்பவில்லை. அத்தை இரண்டு நாள் யோசித்தாள். பிறகு என்னைக் கல்லுக்குழிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாசியை வேர்ப்பக்கமாக எடுத்து, களிமண்ணில் வைத்து, கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி உருண்டை பிடித்தாள். பச்சை இலை மட்டும் மேலே குடுமி மாதிரி நின்றது. குளத்தில் போட்டாள். நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

மொபெட்காரரிடம் காட்டினோம். "நாங்க நட்டாலும் இப்பிடித்தான் நடுவோம். ஆனா குளத்துல பாதிக்கு மேல வேணாம். பாசி ஜாஸ்தியானா அதுவும் ராத்திரியில காத்தை எடுத்துக்கும்" என்றார்.

அதற்குள் நாங்கள் தெருவாகச் சேர்ந்து அடிச்சேற்றைச் சாக்குக் கட்டிய மரச்சட்டத்தால் இழுத்து வாரினோம். இந்த முறை கெட்டி மண் வரை போகவில்லை. இன்ஜின் ஓட்டுகிற முறை ஒவ்வொரு வீட்டுக்கும் மாறி மாறி வந்தது. அடுத்த பௌர்ணமிக்கு அத்தை வாழையிலை விரித்து வரிசையாகப் பாசி உருண்டை வைத்திருந்தாள். "மீனுக்கு மூச்சு குடுங்க" என்று கூவினாள். மக்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார்கள். குழந்தைகள் தூரமாக எறிந்தார்கள், அதனால் நடுக்குளத்துக்கும் பாசி போய்ச் சேர்ந்தது. சிலர் வேண்டுதலை உருண்டையின் காதோடு சொல்லிவிட்டுப் போட்டார்கள். பாசிக்கு எந்தக் காது என்று நான் கேட்கவில்லை.

அடுத்தடுத்த மாதங்களில் நான் தினமும் போய்ப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீருக்குள் பாசி செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மழைக்குப் பிறகு ஓரத்தில் தண்ணீர் தெளிந்து, இரண்டாம் படிக்குக் கீழே துளிர் தெரிந்தது. யாரும் போடாமலே ஒரு அல்லி இலை வந்து விரிந்தது. நாங்கள் தோண்டியதில் தப்பின கிழங்கோ, குழியிலிருந்து களிமண்ணோடு வந்ததோ, தெரியாது. அப்புறம் தட்டான், அப்புறம் நத்தை, தவளை. பார்த்தே பல வருஷமான ஒரு முக்குளிப்பான் பறவை ஜோடி வந்து, முங்கி வேறு இடத்தில் எழுந்தது. இவை எல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தன, குளம் சரியாகிவிட்டது என்று இவற்றுக்கு யார் போய்ச் சொன்னது என்று நான் யோசிப்பேன். மொபெட்காரரிடம் கேட்டதற்கு, "சிலது பறந்து வரும், சிலது பறவை கால்ல ஒட்டிகினு வரும், சிலது எப்பிடி வருதுன்னு எங்களுக்கே தெரியாது" என்றார். அவருக்கும் தெரியாதது இருக்கிறது என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம்.

விடியற்காலையில் வாய்கள் குறைந்தன. ஒரு நாள் ஒன்றுகூட இல்லை. நானும் மச்சானும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்து நின்றோம்.

அன்றைக்குத்தான் அத்தை வாழையிலையைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பாதிக் குளத்துக்குப் பாசி வந்துவிட்டது. இனிமேல் போட்டால் கெடுதல். மச்சான், "நீ வித்துகினே இரு. ஜாஸ்தியானா நாங்க வாரிப் போடறோம், அதையே மறுபடி உருண்டை புடி. ரெண்டு பக்கமும் வேலை நடக்கும்" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அத்தை கொஞ்ச நேரம் அதை நிஜமாகவே யோசித்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவளுக்கு வேறு வழி அப்போது இல்லை.

"வேணாம்" என்றாள். "வாயைத் தொறந்துகினு அது நின்னதப் பாத்துட்டேன். இனிமே முடியாது."

அடுத்த சில மாதங்கள் அவளுக்கு நல்லபடியாக இல்லை. டவுனில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கப் போனாள். போக வர பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், மாமாவுக்கு மத்தியானச் சோறு யார் போடுவது என்று தினமும் ஒரு சிக்கல். மகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து போடுவாள். நம் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

ஒரு நாள் மெஸ்ஸிலிருந்து வந்தவள் கடையில் மாட்டியிருந்த பழைய சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல நாலு சக்கரம் போட்டு வண்டி பண்ண முடியுமாண்ணா? தள்ளிகினு போற மாதிரி."

"எதுக்கு?"

"பொரிதான். வெங்காயம், பச்ச மாங்கா, மொளகாத்தூள் போட்டுக் கலக்கிக் குடுக்கப் போறேன். சுத்தறவங்களுக்குக் கால்தான் வலிக்கும்னு இல்ல, வயிறும் காயும். அவங்க ஒரே எடத்துல நிக்க மாட்டாங்க, நானும் ஒரே எடத்துல குந்த வேணாம்."

சக்கரத்தைப் பொருத்திக் கொடுத்தேன். மேல் பலகை மச்சான் கொடுத்தது, டீக்கடையின் பழைய பெஞ்சு. முதல் பௌர்ணமியன்று ஒரு சக்கரம் ஆடியது. பாதி வழியில் நிறுத்தி, நான் போய் நட்டை முடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பொரி விற்றது. முன்னே மாதிரி கூடை சீக்கிரம் காலியாகவில்லை, ஆனாலும் விற்றது. மெஸ்ஸுக்குப் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு பௌர்ணமி முடிந்து, விடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு குளத்துப் பக்கம் வந்தாள். படியில் ஒரு கணவன் மனைவியும் அவர்களுடைய சின்னப் பெண்ணும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள்.

"மீனு இருக்குதுன்னு சொன்னாங்களே, ஒண்ணக்கூடக் காணோமே" என்றார் அவர்.

"இருக்குதுங்க. கீழ இருக்குது. கொஞ்சம் நின்னு பாருங்க" என்றாள் அத்தை.

அவர்கள் பொரி வாங்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அல்லி இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒருமுறை உள்ளிருந்து அசைந்தது. அந்தப் பெண் குழந்தை அங்கே கையைக் காட்டியது. அத்தை வண்டியின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, அவர்களோடு படியில் இறங்கி நின்றாள்.